அமுக்கிப் பிடித்த பொத்தான்

என் மகன் பர்மா சண்டையிலிருந்து உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தான். அவன் போயிருந்த காலமெல்லாம் தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது பழகிப்போனது. நான் மறுபடி எழுதத் தொடங்கும்வரை பேசாமல் இருப்பார்கள். அவன் வந்து சேர்ந்ததும், இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

பட்டாளத்தில் அவன் கற்றது கம்பியில்லாமல் பேசும் வேலை. முதுகில் சுமக்கிற பெட்டி, அதிலிருந்து நீளும் குச்சி, கையில் பிடித்துப் பேச ஒரு கருவி. சண்டை முடிந்தபின் அந்த மாதிரிப் பெட்டிகளை ஏலத்தில் விற்றார்கள். வெளியூர்ச் சினிமாக் கம்பெனி ஒன்று இரண்டை எடுத்தது. சங்ககிரிக் கோட்டை மலையில் பெரிய சண்டைக் காட்சி எடுக்கப்போகிறார்கள். மேலே இருப்பவர்களுக்குக் கீழேயிருந்து கத்தினால் கேட்காது, கொடி காட்டினால் பாறை மறைக்கும். அதனால் மேலே ஒரு பெட்டி, அடிவாரத்தில் ஒரு பெட்டி. மேலே என் மகன். அடிவாரத்தில் அவனோடு பட்டாளத்தில் இருந்த வாழப்பாடிக்காரன்.

அந்தப் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம். விட்டால்தான் அந்தப் பக்கத்துப் பேச்சு நமக்குக் கேட்கும். சாப்பிடும்போது இதை அவன் சொல்ல, என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"இதென்ன பேச்சு சாமி? ஒருத்தரு பேசறப்ப இன்னொருத்தரு ஊங்கூடக் கொட்டக் கூடாதா?"

"கொட்டலாம். அது காதுல உளுவோணும்னா நீ வெரலை எடுக்கோணும்மா."

காட்சி எடுக்கிற அன்று அவனுக்குச் சோறு கொண்டுபோனோம். வேடிக்கை பார்க்கும் ஆசையும் அவளுக்கு இருந்தது. மலைமேல் பலகையும் காரையும் கல்லுமாக ஒரு பொய்ச் சுவர் எழுப்பி, உள்ளே வெடிமருந்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து அடிவாரம்வரை கம்பி. கீழே வெடிக்காரர் விசையை அழுத்தினால் மேலே சுவர் வெடிக்கும். சுவர்ப்பக்கம் யாருமில்லை என்று பார்த்துச் சொல்வதுதான் என் மகனுடைய வேலை. நாங்கள் போவதற்குள் அவன் பார்த்துச் சொல்லிவிட்டான். ஆனால் சூரியனை மேகம் மறைத்துக்கொண்டது. வெயில் வந்தால்தான் படம் பிடிக்க முடியும் என்று டைரக்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டைக் கவசம் மாட்டிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பீடியோடு பக்கத்தில் வந்தார்.

"எப்படீங்க வாத்தியாரே எம்பட வேசம்?"

"மீசை ஒரு பக்கம் எறங்கிப்போச்சுங்க," என்றாள் என் மனைவி. அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

சும்மா இருக்கிற நேரம்தானே என்று வாழப்பாடிக்காரன் கருவியை அவளிடம் நீட்டினான். "அம்மா, மேல உங்க பிள்ளைதான். பேசுறீங்களா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பெருவிரலை எங்கே வைப்பது என்று அவன் காட்டினான். அமுக்கினாள்.

"சாமி, நல்லாருக்கறயா? சாப்டியா? அப்பாவும் வந்திருக்கறாங்க. தூக்குப்போசில கம்மஞ்சோறு இருக்குது, தயிரு ஊத்திக் கரைச்சிருக்கறேன். எறங்கி வந்து குடி. பாறை சுடும், நெழலாப் பாத்து நில்லு. செவலை மாடு இன்னும் தண்ணி காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்குது..."

எங்கள் பக்கத்தில் பேச்சு அப்படித்தான். சரி சாமி, நான் வாரேன் என்று சொல்லி முடித்தாள். முடித்தும் விரலை எடுக்கவில்லை. வாரேன் என்று சொன்னவர், எதிராளி சரியென்று சொல்லும்வரை நின்றுதான் நகர வேண்டும். அவள் நின்றாள்.

"அம்மா, விரலை எடுங்க."

"இருப்பா, அவன் இன்னும் சரீன்னு சொல்லலியே. பாதில கையெடுத்தாக் கோவிச்சுட்டுப் போற மாதிரி ஆயிரும்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள் கையைத் தொட அவனுக்குக் கூச்சம். அதற்குள் மேகம் விலகி வெயில் விழுந்தது. டைரக்டர் கையை இறக்கினார். வெடிக்காரர் விசையை அழுத்தினார்.

மேலே நடந்ததைச் சொன்னவள் ஓர் ஆட்டுக்காரப் பெண். பின்பக்கத்துப் பாதையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தச் சுவரடிக்கு வந்திருக்கிறாள். என் மகனின் அடக்கம் முடிந்த மறுநாள் வேலியோரம் நின்று, என்னிடம் மட்டும் சொன்னாள். "நிறுத்துங்க, ஆளு வந்திருச்சுன்னு கையில புடிச்சிருந்ததுக்குள்ள கத்துனாருங்க. கத்திப்போட்டுக் காதுல வெச்சா உள்ள ஒரு அம்மா பேசறது எனக்கே கேட்டுச்சு. மறுக்காவும் கத்துனாரு. அப்பறம் அதை வீசிப்போட்டு ஓடியாந்து என்னையப் பாறைக்கு அந்தாண்ட தள்ளி உட்டாருங்க."

என் மனைவிக்கு இது தெரியாது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எங்களை அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெகுநாள் கழித்து வாழப்பாடிக்காரன் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். ஆட்டுக்காரப் பெண் சொன்னது அவனுக்குத் தெரியாது; ஆனால் அந்தப் பெட்டியை அறிந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினேன்.

"நான் அந்த விரலை எடுத்து விட்டிருக்கணும் ஐயா. அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிடுறேன்."

"உன்னோட பாரம் கொறையும்ப்பா. அவ செத்துப்போவா."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவள் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, இலை போட்டு உட்கார வைத்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டபின் கேட்டாள்.

"அன்னிக்கு நான் பேசுனது அவன் காதுல உளுந்துச்சா சாமி? இவுங்களைக் கேட்டா, உளுந்திருக்கும் உளுந்திருக்கும்னு எந்திரிச்சுப் போயிர்றாங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"விழுந்துச்சும்மா. நீங்க பொத்தானை விடாம அமுக்கியிருந்தீங்கல்ல. அதனால நீங்க பேசுனது எல்லாமே அவனுக்குக் கேட்டுச்சு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் தன் பெருவிரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பக் கெட்டியாத்தான் புடிச்சிருக்கறேன்," என்றாள்.

வாழப்பாடிக்காரன் தலை நிமிரவில்லை. அவள் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.