கருங்காலிக் கைப்பிடியில் ஒரு துண்டுக் கொம்பு

இது நடந்தது. உங்களை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை. வாயை மூன்று முறை கொப்பளித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியறையில் மடக்குக் கத்திகள் செய்கிறேன். வலது மணிக்கட்டு முறிந்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். போன ஐப்பசியில் அடி அண்ணாமலையிலிருந்து இளவரசன் என்பவர் வந்தார். விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் கொம்பைக் கொடுத்தார். புதிதாக ஒரு கத்தி செய்து, கைப்பிடியில் இதைப் பதித்துத் தரவேண்டும் என்றார். ஆட்டுக் கொம்பு என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கத் தோன்றவில்லை. என் கை பழையபடி வருமா என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. இந்தக் கத்தி சரியாக வராவிட்டால் பட்டறையை மூடிவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தேன்.

கருங்காலியில் பள்ளம் குடைந்து, கொம்பை அளவாக அறுத்து, பசை வைத்து ஒட்டினேன். மறுநாள் பிற்பகல் 3.10. அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மரமும் கொம்பும் ஒரே மட்டமாகக் கொண்டுவந்தேன். நகம் கருகுகிற வாடை. எந்தக் கொம்பைத் தேய்த்தாலும் வருவதுதான். பளபளப்பு தெரிய நாக்கால் ஈரப்படுத்திப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன்.

உப்புக் கரித்தது.

3.45. டீ குடித்துவிட்டு வந்து விரலால் தடவினேன். கொம்பு மரத்துக்கு மேலே நின்றது. ஒரு முடி அளவு.

"கை நடுங்குதா?" வாசலில் என் கணவர் சக்கரபாணி. "ஜாஸ்தி இழுத்துப் போட்டுக்காதன்னா கேக்கறியா?"

"மழை ஈரத்துல ஊறியிருக்கும். நீங்க போய் உங்க சீரியலைப் பாருங்க."

தேய்த்தேன். நாக்கை வைத்தேன். உப்பு... வியர்வையில் ஊறிய திருநீறு...

4.20. மறுபடியும் மேலே. இப்போது நகத்தின் தடிமன். என் கை செத்துவிட்டது என்றே நினைத்தேன். அழுகை வந்தது.

5.05. அரம் போட்டேன். தூள் உதிரவில்லை. பிசுபிசுவென்று அரத்தில் ஒட்டியது. எண்ணெய் வழியும் முகத்தைத் துடைத்த துணியின் நாற்றம்...

கொம்பைச் சுற்றி, மரத்தின் மேல்... தோல்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சுரண்டினேன்.

சுருங்கியது...

வாந்தி எடுத்தேன்.

சரியாக 6 மணிக்கு இளவரசன் வந்தார். துணியில் சுற்றி நீட்டினேன். பிரித்து, கொம்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"சரியா வரலைங்க. மட்டமா நிக்க மாட்டேங்குது. என் கை..."

"உங்க கை மேல தப்பில்லக்கா. இது அப்பா நெத்தியில முளைச்சது. ஆஸ்பத்திரியில ரெண்டு வாட்டி வெட்டினாங்க. திரும்பத் திரும்ப வந்துச்சு."

என் நாக்கு வாய்க்குள் எங்கும் படாமல் நின்றது.

"அப்பா... இப்ப?"

"தவறி ரெண்டு வருஷம் ஆகுது. உடம்ப எடுக்கறதுக்கு முன்னாடி முகம் மழிச்சாங்க. சவரக் கத்தி பட்டு விழுந்துச்சு. அம்மா எடுத்து வெச்சாங்க."

கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப மிளகு சைஸுதான் இருந்துச்சுக்கா."