அக்குறணையில் என் மீசைக்கு வந்த வெள்ளம்

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், அக்குறணையில் உள்ள ஒரு வீடியோ கேம் மியூசியத்துக்குள் வெள்ளத்தில் மூழ்கிச் சாகப்போகிறேன் என்று முழு மனதோடு நம்பினேன். அந்த மியூசியம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அது அப்போதே எனக்குத் தெரியும். படியேறிப் போனவன் நான்தானே. பயம் வந்த மனிதனுக்கு மாடிக் கணக்கு வராது.

போன காரணம் மீசை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கர். மீசைக்கு வயது இருபத்தேழு. என் மனைவி கமலாவின் தம்பி சிவா, கடுகண்ணாவையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறான். அவன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு வெள்ளைப் பலகை, அதில் பத்துப் பெயர்கள். பத்தாவது: 'சிவா, கடுகண்ணாவை, 41,200'. அக்குறணையில் பழைய வீடியோ கேம்களுக்கு ஒருவர் மியூசியம் வைத்திருக்கிறாராம். அங்கே உள்ள விண்கப்பல் விளையாட்டில் அதிகப் புள்ளி எடுத்த பத்துப் பேரின் பெயரை எழுதிப்போடுகிறாராம்.

இது எனக்கு விடப்பட்ட சவால். இளவயதில் கணக்கியல் படிக்கக் கண்டிக்குப் போய், வகுப்பை விட வீடியோ கேம் கடையில் அதிக நேரம் இருந்தவன் நான். கண்டி டவுனில் என்னை அடிக்க ஆள் இருக்கவில்லை என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லி வந்திருக்கிறேன். சிவாவை உடனே அழைத்தேன்.

"வாயால சொன்னா புள்ளி ஏறாது மச்சான். பலகையில பேரு வரணும்" என்றான்.

"வரும்டா. ஓம் பேர அழிச்சிட்டுத்தான் வரும். இந்த மாசம் முடியறதுக்குள்ள."

"வரலன்னா?"

"மீசைய எடுக்கிறேன்."

சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்த கமலா திரும்பிப் பார்த்தாள். "வாயி உங்களுது. மூஞ்சிய தெனம் பாக்கப் போறது நானு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியம் பூட்டு; எனக்குக் கிடைத்த ஒரே லீவு அந்த வெள்ளிக்கிழமை.

காலை 5.50. மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் 140 ரூபாய், தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அது முழுக்க வளைவு. பன்விலை வரை மூடுபனி, வத்தேகமவில் தூறல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். நான் எங்கே போகிறேன் என்று கேட்டார். மியூசியத்துக்கு என்றேன். "பிள்ளைகள கூட்டிட்டு வரலியா?" என்றார். வரவில்லை, தனியாகத்தான் என்றேன். அதோடு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்தபடி என் வலது கட்டைவிரலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு வந்ததும் காரணமாக இருக்கலாம்.

8.15க்குக் கண்டி. ஒரு கடையில் இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மாத்தளை பஸ்ஸைப் பிடித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அசையவில்லை. இருபது நிமிடம் பொறுத்தேன். பிறகு இறங்கி நடந்து, பாலத்துக்கு அப்பால் ஓர் ஆட்டோ பிடித்தேன். 700 ரூபாய். மழை வலுத்திருந்தது.

ஆட்டோக்காரர் அக்குறணைக்காரர், முப்பது வயதிருக்கும். என்னை 'நானா', அதாவது அண்ணன், என்று அழைத்தார். மழையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"மேல பெஞ்சா ஓயா பெருகிரும் நானா. அர மணித்தியாலத்தில டவுன் ரோட்டுக்குத் தண்ணி. போன முற என்ட ஆட்டோட சீட்டு வரைக்கும் வந்திச்சி."

"இன்னைக்கும் வருமா?"

"அல்லாஹ்தான் அறிவான். இண்டைக்கி வெள்ளிக்கிழம வேற. பன்னெண்டுக்கு முந்தி ஒங்கட வேலய முடிச்சிக்கொங்க."

அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று ஓயா, அதாவது ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் வெள்ளம், மற்றது ஜும்ஆ, வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை. அந்த நேரம் ஊரில் கடையெல்லாம் சாத்திவிடுவார்கள். நான் முதலாவதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டேன்.

10.20. மியூசியம் ஒரு புடவைக் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் தொடங்குகிறது. படியடியில் ஓர் இரும்பு ஷட்டர், பக்கத்தில் சப்பாத்து வைக்கும் தட்டு. மேலேயிருந்து ஒரு குரல்: "சப்பாத்தக் கீழ கழட்டிட்டு வாங்க! மேல காப்பட் போட்டு ஈக்கி!"

கழற்றினேன். ஆனால் தட்டில் வைக்கவில்லை. ஒருமுறை கோவில் திருவிழாவில் புதுச் சப்பாத்தைப் பறிகொடுத்து, வெறுங்காலோடு பஸ் ஏறி வீடு வந்தவன் நான். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு ஷொப்பிங் பை இல்லாமல் எங்கும் போவதில்லை. சப்பாத்தை அதில் போட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். என் அன்றைய துன்பம் அத்தனையும் அந்தப் பையில்தான் இருந்தது.

மேலே இருந்தவர் நஸீர் நானா. அறுபதை நெருங்கியவர். முப்பது வருடம் ரி.வி. திருத்தியிருக்கிறார். ஆட்கள் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கேம்களில் ஆரம்பித்ததுதான் இந்த மியூசியம் என்றார். டிக்கெட் 300 ரூபாய். மூன்று அறைகள். முதல் அறையில் ரி.வி.யோடு பொருத்தி ஆடும் பெட்டிகள். அவற்றின் கசட்டுகள் மருந்துக் கடை போல அலுமாரியில் அடுக்கியிருந்தன. இரண்டாவதில் கையில் வைத்து ஆடுபவை. ஒவ்வொன்றின் கீழும் மூன்று மொழியில் கையெழுத்துத் துண்டு. 'ரியாத்தில் வீட்டு வேலை செய்த ஒரு தாய் மகனுக்குக் கொண்டுவந்தது. பற்றரி மூடி இல்லை.' இன்னொன்று: 'குவைத். மகன் வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தது. புதியது.' அதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மீசை நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, உள்ளறை. ஆள் உயரத்தில் மூன்று இயந்திரங்கள், ஒன்றின் மேல் 'தொடலாம். அடிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. சுவரில் அந்தப் பலகை. பத்தாவது இடத்தில் என் மச்சான்.

"சட்டம் ஒண்டுதான்" என்றார் நானா. "புள்ளிய நான் என்ட கண்ணால பாக்கணும். போட்டோ செல்லாது. மெஷின நிப்பாட்டினா எல்லாம் அழிஞ்சிரும். அதுக்கு ஞாபகம் இல்ல."

முதல் ஆட்டம் 6,300. கண்டி டவுனில் என்னை அடிக்க ஆள் இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல்முறை தோன்றியது. இரண்டாவது 9,150. சட்டைக் கையை மடித்தேன். மூன்றாவதில் கட்டைவிரலுக்குப் பழைய வழி தெரிந்துவிட்டது. 17,000. நாலாவது 24,000. ஐந்தாவது ஆட்டத்தில் 30,000 தாண்டியது, 33,000 தாண்டியது, இன்னும் இரண்டு கப்பல் மிச்சம். பின்னாலிருந்து யாரோ ஏதோ கேட்டது போலிருந்தது. "ஆங்" என்றேன். என்ன கேட்டார் என்று என் காதில் விழவில்லை.

11.55. திரை கறுத்தது. விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து நின்றன. கீழே ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம்.

"நானா!" என்றேன். ஃபோன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு படியிறங்கி ஷட்டரைத் தள்ளினேன். அசையவில்லை. தட்டினேன், இடித்தேன், தோளால் மோதினேன். அப்போதுதான் காலில் ஒரு குளிர்ச்சி. ஷட்டருக்கு அடியால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் வந்து, என் சொக்ஸ் நனைந்திருந்தது.

மேலே ஓடினேன். ஓடும்போது பாங்கு சத்தம் கேட்டது. தொழுகை நேரம் என்று புரிந்தது, பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து அந்தச் சத்தம். பின்சுவருக்கு அப்பால் சளசளவென்று தண்ணீர். ஒரு குழாய்ச் சத்தம் அல்ல. பல நூறு வாயால் கொட்டுவது போல, நிமிடத்துக்கு நிமிடம் பெருகியது. ஓயா உடைத்துக்கொண்டது. ஆட்டோ சீட்டைத் தாண்டிவிட்டது. என்னைத் தேடி வருகிறது.

கமலாவை அழைத்தேன்.

"மியூசியத்துல மாட்டிக்கிட்டேன். வெள்ளம் வருது. இன்ஷூரன்ஸ் பேப்பர் அலுமாரியில ரெண்டாவது தட்டுல..."

"மொதல்ல ஷட்டர தூக்கிப் பாத்தீங்களா?"

"பூட்டின ஷட்டர எப்படிடி தூக்குறது?"

"எத்தனாவது மாடியில நிக்கிறீங்க?"

வெள்ளம் வரும்போது ஒரு மனைவி கேட்கும் கேள்வியா இது? வைத்துவிட்டேன்.

அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சாவதென்றால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுச் சாவோம் என்று தீர்மானித்தேன். சப்பாத்துப் பையைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். கீழ்த்தட்டில் இருந்த கேம் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அலுமாரிகளின் தலையில் அடுக்கினேன். ரியாத் தாயினுடையதை முதலில் ஏற்றினேன், குவைத்தை அதன் மேல். பதினான்கு பெட்டி. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பதினைந்தாவதைத் தூக்கியபோது ஃபோன் அடித்தது. சிவா. அக்காவின் செய்தி கடுகண்ணாவைக்குப் போய்ச் சேர மூன்று நிமிடம் கூட எடுக்கவில்லை.

"மச்சான், தண்ணி எதுவரைக்கும்?"

"சத்தம் கேக்குதா?" ஃபோனைச் சுவர்ப் பக்கம் நீட்டினேன்.

அவன் சிரிப்பை விழுங்கும் சத்தமும் எனக்குக் கேட்டது. "சரி, விடுங்க. தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, பந்தயத்த இத்தோட முடிச்சிருவோம். மீசைய நீங்களே வச்சுக்கங்க. உசிரு முக்கியம்."

நல்ல பேரம். ஷட்டரில் மோதிய என் தோள் சம்மதித்துவிட்டது. வாய்தான் சம்மதிக்கவில்லை.

"தண்ணி மீசைக்கு வரட்டும். அப்ப பேசுவோம்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

பிறகு கதிரை ஒன்றின் மேல் ஏறி நின்றேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் குறைந்து, அடியோடு நின்றது. வெள்ளம் நிறைந்துவிட்டதால் சத்தம் அடங்கிவிட்டது என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். கறுத்த திரையைப் பார்த்தபடியே நின்றேன். அதில் என் மீசை மங்கலாகத் தெரிந்தது.

1.10. ஷட்டர் ஏறும் சத்தம். விளக்கு எரிந்தது. தொப்பியோடு மேலே வந்த நஸீர் நானா, கதிரை மேல் நின்றவனையும் அவன் கழுத்துப் பையையும் அலுமாரி உச்சியில் இருந்த பெட்டிகளையும் வரிசையாகப் பார்த்தார்.

"நீங்க போகல்லயா?"

"பூட்டிட்டுப் போயிட்டீங்களே நானா!"

"நான் கேக்க 'ஆங்' எண்டீங்க, எறங்கிட்டீங்கண்டு நெனச்சேன். பொறகு கீழ தட்டப் பாத்தேன். ஒரு சோடி சப்பாத்தும் இல்ல. சப்பாத்து இல்லாட்டி ஆளும் இல்ல, பன்னெண்டு வருஷமா அதுதான் என்ட கணக்கு" என்றவரின் கண் என் கழுத்துக்குப் போனது. "அதென்ன பையில?"

சொன்னேன். வெள்ளத்தையும் சொன்னேன். அவர் கட்டுப்படுத்தத்தான் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பின்னுக்குப் பள்ளி ஈக்கி. தொழுகைக்கு முந்தி எல்லாரும் வுளூச் செய்ற, கை கால் மொகம் கழுவுற. அந்தச் சுவரோட நாப்பது குழாய்! ரெண்டாம் மாடிக்கு வெள்ளம் வந்தா, கண்டியே ஈக்காது."

பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினோம். ரியாத்துக்கும் குவைத்துக்கும் துண்டு மாறிப்போயிருந்தது. அவரே திருத்தி வைத்தார். எல்லாம் முடிந்ததும் பலகைப் பேனாவையும் அழிக்கும் துணியையும் எடுத்தார்.

"எத்தனையில நிண்ட?"

"முப்பத்து மூவாயிரம். ரெண்டு கப்பல் மிச்சம்."

"கரண்ட நிப்பாட்டின நான்தானே. பத்தாவதுல ஒங்கட பேர எழுதிவிடுறன். எனக்கி ஒண்டும் கொறயப் போறதில்ல."

சிவாவின் பெயருக்கு மேல் துணி போய்விட்டது. ஒரே ஒரு 'சரி' சொன்னால் போதும். அன்று அந்த மியூசியத்தில் நான் நிஜமாகவே ஆபத்தில் இருந்த நேரம் அதுதான்.

"வேணாம் நானா" என்றேன். "ஆடித்தான் எழுதணும்."

அவர் துணியை மடித்து வைத்தார். ஒரு கதிரையை இழுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சப்பாத்தைக் கொண்டுபோய்க் கீழே தட்டில் வைத்துவிட்டு வந்தேன். 1.40க்கு ஆரம்பித்து 4.30 வரை ஆடினேன், பதினோரு ஆட்டம். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடினேன். கடைசி ஆட்டத்தில் நானா மூச்சு விடாமல் எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

4.50க்கு அக்குறணையில் பஸ் ஏறினேன். மழை விட்டிருந்தது. ரோட்டில் தண்ணீர் இல்லை. ஓயா தன் பாட்டுக்கு, தன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே போகாத வாசகர்களுக்காக, நடந்தது இவ்வளவுதான். சத்தம் பள்ளிவாசல் குழாய்களுடையது. சொக்ஸை நனைத்தது கூரைப் பீலியிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீர். ஷட்டர் பூட்டப்படவே இல்லை. தொழுகைக்குப் போகும்போது நானா அதைச் சும்மா இழுத்து விடுவாராம், ஒரு கையால் தூக்கியிருந்தால் திறந்திருக்கும். என் கடைசி ஆட்டம் 39,850, சிவாவுக்கு 1,350 குறைவு. மீசை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கடுகண்ணாவையில் ஒரு சலூனில், சிவா பக்கத்தில் நிற்க எடுக்கப்பட்டது.