ஜப்பான்காரனுக்குக் காட்டிய விளக்குமாறு

லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது வெள்ளைக்காரத் தொரை ஓடிப்போனான், ஜப்பான்காரன் வந்தான். பால்வெட்டு நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கு மட்டும் நிற்கவேயில்லை. காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரி வேண்டாம் என்றாலும் கிழங்கு. இந்தப் பஞ்சத்திலும் புதிதாக வந்த ஜப்பான் அதிகாரிக்கு ஒரே ஒரு கவலைதான்: குப்பை! ஆபீஸ் வாசலில் ஒரு ரப்பர் இலை கிடந்தால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்.

ஆபீசுக்கும் சிப்பாய்க் கொட்டகைக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் அரசாங்கமே விளக்குமாறு வாங்கியது. விற்றவன் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மச்சான். மூன்று பேரிடம் விலை கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். மச்சான் ஒரு விலை சொல்வான், அவன் பெண்டாட்டி ஒரு விலை, மாமியார் ஒரு விலை. யார் ஜெயித்தாலும் உலை ஒரே பானையில்தான் கொதிக்கும். அவன் கட்டிய விளக்குமாறு பெருக்கப் பெருக்க உதிரும். குப்பையைத் தள்ள வந்ததே குப்பையாகிவிடும்.

ஒருநாள் அப்படி உதிர்ந்த ஈர்க்கு ஒன்று, ஆபீசுக்குள் வெறுங்காலோடு நடந்த அதிகாரியின் பாதத்தில் ஏறியது. அன்றைக்கே சீர்திருத்தம் பிறந்துவிட்டது.

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, அதிகாரி ஸ்டூல் மேல் ஏறிக் கத்தினான். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கொஞ்சம் ஜப்பான் பாஷை பொறுக்கி வைத்திருந்தார். அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இனிமேல் எல்லாம் வெளிச்சத்திலைதான். மூண்டு வீட்டு ஆக்கள் நேரை வந்து, எல்லாருக்கும் முன்னாலை பெருக்கிக் காட்டவேணும். ஆரும் ஆருக்கும் லஞ்சமாக் கோழி குடுக்கப்படாது."

கோழியா! தோட்டத்தில் கோழி கூவி எத்தனை காலம் ஆயிற்று? கிராணி வீட்டுக் கூட்டில் மட்டும்தான் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

"வெல்லுற வீட்டிலைதான் இனி விளக்குமாறு வாங்குவினம். அந்த வீட்டுக்குச் சிவப்புத் துணி ஒண்டும் தருவினம். அதைக் கையிலை கட்டியிருக்கிற ஆளைச் சயாமுக்குக் கொண்டு போகமாட்டினம்" என்று முடித்தார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சயாமில் ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிப் போன ஆண்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. "அடுத்த லாரியில நீதான்" என்று கங்காணி என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். அவரோ கொசு கடித்தாலே காய்ச்சலில் படுக்கிற மனுஷன். சயாம் எங்கே, அவர் எங்கே!

அன்று சாயங்காலமே கிராணி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, மச்சான் வீடு ஒண்டு, அவன்ரை மாமியார் வீடு ஒண்டு. மூண்டாவதுக்கு ஆள் இல்லை. நீ சும்மா வந்து நிண்டாக் காணும். தோத்திட்டுப் போ, ஒரு கோழி தாறன்."

கோழி கூடாது என்று சொன்ன வாய் ஈரம் காயவில்லை! எனக்கு மூக்குநுனி வரை கோபம் வந்தது. ஆனாலும் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு, "சரிங்கய்யா, தோத்துப்புடுறேன்" என்றேன்.

உட்கார்ந்து கட்டினேன் பாருங்கள் ஒரு விளக்குமாறு! முற்றின தென்னை ஈர்க்காகப் பொறுக்கி, அடிக்கட்டை அசையாதபடி இறுக்கி, என் கல்யாணச் சேலையின் கரையைக் கிழித்து மேலே சுற்றினேன். மிச்சத்தில் ஒரு குஞ்சமும் தொங்கவிட்டேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமாம்! ஊருல சொல்லக் கேட்டிருக்கேன், ஒங்கிட்டதான்டி கண்ணால பாக்குறேன்."

"வாய மூடிக்கிட்டு முடிச்ச இழுத்துப் புடிய்யா. ஒன் உசுருக்குத்தான் கட்டுறேன்."

அவர் முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போட்டி நாளன்று தோட்டமே ஆபீஸ் வாசலில் கூடியது. அதிகாரி தன் கையாலேயே ரப்பர் இலைகளை அள்ளி வீசினான். பெருக்குவதற்கு முன் ஒரு மரியாதை உண்டாம்: விளக்குமாற்றை இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிக் குனிய வேண்டுமாம்.

அட கடவுளே! ஒருத்தர் முகத்துக்கு நேரே விளக்குமாற்றைத் தூக்கினால் எங்களில் வெட்டுக்குத்து நடக்கும். சம்பந்திகள் ஏழு தலைமுறைக்குப் பேச மாட்டார்கள்.

முதலில் மச்சான். விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்தான். அதைப் பார்க்க அதிகாரி பின்பக்கம் போனான். மரியாதை குறையக் கூடாதென்று மச்சானும் கூடவே திரும்பினான். இருவரும் செக்கு சுற்றினார்கள். "பக்கேரோ!" என்ற வசவோடு கடைசியில் ஓர் அறை விழுந்தது. அதைப் பார்த்த மாமியார், தன் விளக்குமாற்றைத் தரையில் போட்டு, அதன் பக்கத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள்.

அடுத்தது நான். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் போன அரிசியும் போன ஆட்களும் நினைவுக்கு வந்தார்கள். 'காட்டு என்கிறாயா? இந்தா, நன்றாகப் பார்த்துக்கொள்!' என்று மனசுக்குள் சொல்லி, அவன் மூக்குக்கு நேரே தூக்கினேன். பட்டுக்குஞ்சம் அவன் கண்ணாடியில் உரசியது.

அதிகாரி நிமிர்ந்தான். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, என் விளக்குமாற்றுக்கு இடுப்பு வரை குனிந்து கும்பிடு போட்டான்.

பின்வரிசையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்து, பயத்தில் அதை இருமலாக மாற்றினார். அது அடுத்தவருக்குத் தொற்றியது. ஒரு நிமிஷத்தில் தோட்டமே இருமியது. என்ன நோய் என்று அதிகாரி பதறிக் கேட்டான். கிராணி கண்ணில் தண்ணீர் வழிய, "மலேரியா" என்றார்.

அப்புறம் பெருக்கினோம். மச்சான் பெருக்கிய இடத்தில் முன்பைவிட அதிகக் குப்பை சேர்ந்தது. நான் பெருக்கிய இடத்தில் சோறு கொட்டிச் சாப்பிடலாம், சோறு இருந்திருந்தால். சிவப்புத் துணியைக் கிராணியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கெட்டிக்காரி" என்றார். கோழியை மட்டும் தரவில்லை.

அடுத்த லாரி வந்தபோது வீட்டுக்காரர் கையில் சிவப்புத் துணியும் நெஞ்சோடு அணைத்த விளக்குமாறுமாக வாசலில் நின்றார். சிப்பாய் துணியைப் பார்த்து அவரை ஒதுக்கிவிட்டான். லாரியில் ஓர் ஆள் குறைந்தது. அடுத்த வீட்டுக்காரரைப் பிடித்து ஏற்றினான், அன்றைக்கு முதலில் இருமிய அதே மனுஷனை. அவர் பெண்டாட்டி ரோடு திரும்பும் முடக்குவரை லாரிக்குப் பின்னால் ஓடினாள்.

வீட்டிலிருந்து ஒருத்தர் பயணம் போனால், போய்ச் சேரும்வரை வாசல் பெருக்க மாட்டோம். உடனே பெருக்குவது பிணம் போன வீட்டில்தான். அவள் பெருக்கவில்லை. நானும் பெருக்கவில்லை. அந்த லயத்தில் யாருமே விளக்குமாற்றைத் தொடவில்லை. ரப்பர் மரம் இலை கொட்டுகிற காலம் அது. வாசலெல்லாம் கணுக்கால் மூடக் கிடந்தது.

அதிகாரி வந்து பார்த்துக் குதித்தான். அரசாங்கத்துக்கே விளக்குமாறு கொடுக்கிறவள் வீட்டு வாசலா இது என்று கேட்டானாம். கிராணி என்னைப் பார்த்தார்.

"போனவங்க போய்ச் சேந்துட்டாங்கன்னு தகவல் வரட்டுங்கய்யா. அப்பறம் பெருக்குறோம்" என்றேன்.

கிராணி அதிகாரியின் பக்கம் திரும்பினார். கட்டியதை எல்லாம் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை என்று சொல்லி வைத்தார். அதிகாரி மனம் குளிர்ந்து, எங்கள் குப்பைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வருஷமும் இலை கொட்டியது. தகவல் வரவில்லை.