குன்றத்தூர் பஸ்ஸின் இரண்டாவது விருப்பம்

பொறாமைப்பட எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. கேன்டீனில் பக்கத்துத் தட்டில் விழுந்த வடை என் வடையைவிடக் கொஞ்சம் சிவந்திருந்தால் போதும். ஆனாலும், தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புகிறார் என்ற ஒரே காரணத்துக்காக நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதரைப் பார்த்து வயிறெரிவேன் என்று நானே நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரகடத்தில் கார் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பரிசோதனை மேஜையில் நான்தான் மூத்தவன். மூத்தவன் என்றால், ஓட்டை, கீறல், குமிழ் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவன். வீடு குன்றத்தூரில். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் பதினோரு வருடமாக என்னுடையது. அங்கிருந்து திரும்பி உட்கார்ந்து பேசுவேன். பஸ் சிரிக்கும். இந்தப் பஸ் டீசலில் ஓடவில்லை, என் வாயில் ஓடுகிறது என்று ஒரு காலத்தில் உண்மையாகவே நம்பினேன்.

மூன்று வருடம் முன்பு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் எங்கள் கம்பெனிக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கடைசி சீட். பேச்சு குறைவு. முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். பஸ் படப்பை தாண்டுவதற்குள் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார்கள். அவர் மட்டும் தூங்க மாட்டார். மணிமங்கலம் வரும்போது எழுந்து வந்து மணிமங்கலத்துக்காரர்களின் தோளை மட்டும் தொடுவார். சோமங்கலம் வரும்போது சோமங்கலத்துக்காரர்களை. யார் எங்கே இறங்குவார்கள், யாருக்கு டிபன் பை மேலே இருக்கிறது, யார் ஒரு தடவை தொட்டால் எழுவார், யாரை இரண்டு தடவை உலுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். என் பேச்சுக்குச் சிரிப்பவர்கள் பத்து நிமிடத்தில் தூங்கிப் போனார்கள். முன்பெல்லாம் ஸ்டாப்பைத் தவறவிடும் பயத்தில் விழித்திருந்து, வேறு வழியில்லாமல் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் நானும் தூங்கிவிட்டேன். குன்றத்தூரில் அவர் என் தோளைத் தொட்டு, பையைக் கையில் கொடுத்து, படியிறங்கும் வரை பின்னால் நின்றார். ஸ்டாப்புக்கு எதிரே காய் வாங்கிக்கொண்டிருந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆரு அந்த மன்சன்? கொழந்தைய எறக்கி வுடுற மாரி எறக்கி வுட்டாரு."

"எலக்ட்ரீஷியன்."

"நல்ல மன்சனா கீறாரு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு வைத்த கத்தரிக்காய்க் குழம்பு எனக்குக் கசந்தது. அவள் நன்றாகத்தான் வைத்திருந்தாள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளர் குழு உண்டு. கேன்டீன், பஸ், கழிப்பறை, ஷூ என்று மாதம் ஒருமுறை நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும். நாங்கள் அதைப் பாராளுமன்றம் என்போம். குன்றத்தூர் பஸ் சார்பில் இரண்டு தவணை நான்தான் உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மேலாளர் என்னைப் பார்த்து, "நீங்கதான் நல்லா பேசுவீங்களே" என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டார். உறவுக்காரர் கல்யாணங்களில் மனைவி என்னை "கமிட்டி மெம்பர்" என்றுதான் அறிமுகம் செய்வாள். அப்படிச் சொல்லும் அந்த அரை நிமிடம் மட்டும் நான் கோமாளி இல்லை. அந்த அரை நிமிடத்துக்காக எத்தனை கல்யாணத்துக்கு வேண்டுமானாலும் மொய் எழுதத் தயாராக இருந்தேன்.

பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் ஊரில் பாராளுமன்றத் தேர்தலே விகிதாசார முறையில்தானாம். ஒரு வட்டாரம் முழுக்க ஒரே தொகுதி. அதற்கு நாலைந்து எம்.பி.க்கள். ஓட்டுப் போடுகிறவர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவாராம். இனி நம் குழுவுக்கும் அப்படியே என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒவ்வொரு பஸ் ரூட்டும் ஒரு தொகுதி. வாலாஜாபாத் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் ஒன்று, குன்றத்தூர் ஒன்று. தொகுதிக்கு இரண்டு இடம்.

"ஒரு தொகுதிக்கு நாலு எம்.பி.யா? பேனர் கட்ட எடம் பத்துமா?" என்றான் என் மேஜையில் வேலை செய்யும் ஒருவன்.

மனிதவளத் துறைப் பெண் ஒருவர் கேன்டீனில் இரண்டு டம்ளர் வைத்து விளக்கினார். "இந்த டம்ளர் நிறைஞ்சா இவர் ஜெயிச்சிட்டார். அதுக்கு மேல ஊத்துற டீ வழிஞ்சு வீணாகாது. அவருக்கு ஒண்ணு போட்டவங்க ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருக்காங்களோ, அந்த டம்ளருக்குப் போகும். புரிஞ்சுதா?"

புரிந்தது. வழிகிற டீயைக் குடிக்கப்போவது யார் என்பது மட்டும் அப்போது புரியவில்லை.

நான்கு பேர் மனு கொடுத்தோம். நான், ரப்பர் கலக்கும் மெஷினில் இருக்கும் ஒருவர், பேக்கிங்கில் வேலை செய்யும், சோமங்கலத்தில் இறங்கும் ஓர் அம்மா, பிறகு அந்த எலக்ட்ரீஷியன். அவராக நிற்கவில்லை, பஸ்ஸே அவர் பெயரை எழுதிக் கொடுத்தது என்று கேள்விப்பட்டேன். அன்று மாலை பி.பி. பார்த்தேன். மருந்துக்கடைப் பெண் கருவியை ஒரு தடவை தட்டிப் பார்த்து, "இன்னொரு தபா பாக்கலாமா சார்?" என்றாள்.

இரண்டு இடம் இருக்கிறது, இரண்டு பேருமே ஜெயிக்கலாமே என்று நியாயமாக யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொறாமைக்கு வகுத்தல் கணக்கு தெரியாது. அவர் ஜெயிக்காமல் நான் மட்டும் ஜெயிப்பதுதான் என் கணக்கில் ஜெயம்.

முதலில் அவருடைய எழுப்பும் தொழிலையே பிடுங்கப் பார்த்தேன். ஒருநாள் படப்பையிலிருந்தே நான் எழுந்து நின்றுகொண்டேன். கடைசி சீட்டிலிருந்து அவர் எழுவதற்குள் ஓடிப்போய், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தோளை அன்போடு உலுக்கினேன். அவர் பதறி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலுக்கு வெளியே அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ்! இது மணிமங்கலம்யா! எனக்கு சோமங்கலம்யா!"

பஸ் சிரித்தது. என் பதினோரு வருடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை. கடைசி சீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் டிரைவரிடம் போய், "நிறுத்துங்க அண்ணாச்சி, பாவம்லா அவுக" என்றார். பஸ் நின்றது. அதுவும் அவருக்கு நாலு ஓட்டு.

அடுத்ததாகத் தந்திரத்தில் இறங்கினேன். ஒவ்வொருவராகப் பார்த்துக் காதோடு காதாகச் சொன்னேன்: "அவருக்கு ஜெயம் உறுதி. உன்னோட ஒண்ணை அவருக்குப் போட்டு எதுக்கு வேஸ்ட் பண்ற? எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு போடு, போதும்."

"கவலப்படாத அண்ணாத்த. உன்ன வுட்ருவோமா?" என்று தோளில் தட்டினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த எண் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ரகசியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பார்த்தேன்.

பேக்கிங் அம்மா ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரிடமும் சொன்னார்: "முதல் ஷிப்டுக்கு இருட்டுல மெயின் ரோட்டுல நிக்கறோம், பஸ்ஸு சோமங்கலத்துக்குள்ள வந்து ஏத்திக்கினு போவணும்." என்னிடமும் சொன்னார். நல்ல கோரிக்கைதான் என்றேன். அதோடு மறந்துவிட்டேன். என் மனம் முழுக்கக் கடைசி சீட்டில் இருந்தது.

ஓட்டுப்பதிவு நாளில் நான் ஆறு தடவை கழிப்பறைக்குப் போனேன். கேன்டீன் ஊழியர் சாம்பாரில் ஏதோ கோளாறு என்று பயந்து பாத்திரத்தை முகர்ந்து பார்த்தார். ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். மொத்தம் அறுபத்தெட்டுச் சீட்டு. மனிதவளத் துறைப் பெண் எட்டுச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் செல்லாது. நம்பர் போடாம டிக் அடிச்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். எட்டிலும் டிக் என் பெயருக்கு நேரே இருந்தது. ஒரு சீட்டில் என் பெயருக்கு டிக், எலக்ட்ரீஷியன் பெயருக்கு நேரே ஐந்து என்று எழுதியிருந்தது. நான்கு பேர் நிற்கும் தேர்தலில் ஐந்து! சட்டென்று உறைத்தது. இவை என் மேஜைச் சீட்டுகள். பரிசோதனைத் தாளில் நல்ல பட்டைக்கு டிக் அடிப்போம். கோளாறு இருந்தால் எத்தனை கோளாறு என்று எண் போடுவோம். மேஜைக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

கேன்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களிடம் ஓடினேன். "இன்னாடா பண்ணி வெச்சிருக்கீங்க? நம்பர் போடணும்னு அந்தப் பொண்ணு டம்ளர் வெச்சுச் சொல்லிச்சே!"

பேனர் பற்றிக் கேட்டவன்தான் தலையைச் சொறிந்தான். "தெரியும்ணே. ஆனா உன் பேராண்ட நம்பர் எழுத மனசு வர்ல. நீ ஓகே பீஸு. அந்தாளுக்குத்தான் அஞ்சு டிஃபெக்ட் போட்டேன்."

என்னை நேசித்த எட்டுப் பேரின் ஓட்டும் குப்பைக்குப் போனது, நான் நல்ல ஆசிரியராக இருந்ததால்.

மீதி அறுபது செல்லுபடியாகும் சீட்டுகள். இரண்டு இடம் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒன்று, அதாவது இருபத்தொரு ஓட்டு வாங்கினால் டம்ளர் நிறைந்ததாகக் கணக்கு. எலக்ட்ரீஷியனுக்கு முப்பத்தைந்து. பேக்கிங் அம்மாவுக்குப் பன்னிரண்டு. ரப்பர் மெஷின்காரருக்கு நான்கு. எனக்கு ஒன்பது. அதில் ஒன்று என்னுடையது.

ஒன்பது! பதினோரு வருடம் பேசியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு ஓட்டுகூடத் தேறவில்லை. மனைவியிடம் என்ன சொல்வது, அடுத்த கல்யாணத்தில் அவள் என்னை என்னவென்று அறிமுகம் செய்வாள் என்று யோசித்துக்கொண்டே வெறும் டம்ளரிலிருந்து இரண்டு வாய் குடித்தேன்.

"இப்ப இவரோட எக்ஸ்ட்ராவைப் பிரிக்கணும்" என்றார் அந்தப் பெண். எலக்ட்ரீஷியனுக்குத் தேவைக்கு மேல் பதினான்கு. அதை முப்பத்தைந்து சீட்டுக்கும் பங்கு போட்டால் ஒரு சீட்டுக்கு ஐந்தில் இரண்டு. அந்த முப்பத்தைந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி இரண்டாவது விருப்பத்தைப் படிக்க ஆரம்பித்தார். என் பெயர். என் பெயர். என் பெயர். பேக்கிங் அம்மா. என் பெயர். முப்பது சீட்டில் இரண்டு என்று என் பெயர். ஐந்தில் அந்த அம்மா பெயர். முப்பது பேரின் ஐந்தில் இரண்டு பங்கு அன்பைக் கூட்டினால் பன்னிரண்டு வந்தது. என் ஒன்பதோடு சேர்த்தால் இருபத்தொன்று.

ஜெயித்துவிட்டேன். நம் நாட்டுத் தேர்தலில் எண்ணுகிற மாதிரி முதல் விருப்பத்தை மட்டும் எண்ணியிருந்தால் அம்மாதான் இரண்டாவது இடம். நான் மூன்றாவதாக வந்து வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த முறையில், நான் யாரைக் கவிழ்க்க நினைத்தேனோ அவர் டம்ளரிலிருந்து வழிந்ததை வைத்து என் டம்ளரை நிரப்பியிருந்தார்கள். அவர் வந்து கையைக் குலுக்கினார். வாழ்த்துச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

பஸ்ஸில் அன்று நான் பேசவில்லை. படப்பை தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. நான் ஜெயித்தாலும் என்னை எழுப்புவாரா என்று பார்க்க வேண்டும். குன்றத்தூர் மலைக் கோயிலை ஓரக்கண்ணால் பார்த்து இறுக்கி மூடினேன். தோளில் கை விழுந்தது.

"முழிச்சுத்தான இருக்கீய அண்ணாச்சி? ஊரு வந்துட்டு."

மாட்டிக்கொண்டேன். அதே வேகத்தில் மனதிலிருந்ததைக் கேட்டுவிட்டேன். "நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"ஒண்ணு எனக்குத்தான். பின்ன?"

எனக்கு அப்படியே குளிர்ந்தது. அப்பாடா, இவரும் மனிதர்தான். தாராளமாகச் சிரித்துக்கொண்டு, "ரெண்டு?" என்றேன். என் பெயரைச் சொல்வார் என்று, நன்றி சொல்லத் தயாராக வாயை வைத்துக்கொண்டேன்.

"பேக்கிங் அக்காவுக்கு. கோவிச்சுக்கிடாதீய. ஒங்களுக்கு மூணு போட்டேன். நீங்க நல்லாச் சிரிப்பு காட்டுவீய. ஆனா அந்த அக்கா ஒரு வேலையை நெனச்சுல்லா நின்னாவ."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இறங்கினேன். பையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"அந்த நல்ல மன்சன்?"

"அவரும்."

"அப்ப சரி" என்று அடுப்படிக்குப் போனாள். எது சரி என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "பஸ் விஷயத்துல யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று மேலாளர் கேட்டார். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மடிப்பைப் பிரிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சோமங்கலம்! பஸ்ஸு சோமங்கலத்துக்குள்ள போவணும் சார்! பொம்பளைங்க இருட்டுல மெயின் ரோட்டுல நிக்கறாங்க!"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரர் தாளைத் திரும்ப மடித்து, "அதேதான் சார்" என்றார்.

இரண்டு வாரத்தில் பஸ் சோமங்கலத்துக்குள் போக ஆரம்பித்தது. முதல் நாள் ஏறிய பேக்கிங் அம்மா என் சீட்டருகே நின்று, "டேங்ஸுண்ணே" என்றார். பிறகு பின்னால் கடைசி சீட்டு வரை நடந்து போய் அங்கேயும் ஏதோ சொன்னார். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நின்ற மாதிரி இருந்தது. நான் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன்.