கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வயரைப் பிடுங்கியவர்

ரிங்லெட் டவுன் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் மகள் அழைத்தாள். “அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க அங்கிள்.” ரொட்டி வந்தது, சாப்பிட முடியவில்லை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த மகளின் கல்யாணம் மலைக்குக் கீழே ஈப்போ நகரில் என்று முடிவானபோது அக்காவுக்கு ஒரே கவலை. கொழுந்து நிறுக்கும் தராசுகள் அத்தனையும் ஒரே சர்வர் கணினியை நம்பியிருந்தன. அது மக்கர் பண்ணினால் அவர்தான் வர வேண்டும். மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று தேவாலயத்தில் பாதிப் பூசையில் எழுந்து ஓடி வந்தவர் அவர். “இந்தத் தடவை ஓட மாட்டேன் லா” என்று இன்னொரு சர்வரைக் கேட்டு வாங்கினார். ஒன்று படுத்தால் மற்றது தானாகவே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் துரை ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கச் சொன்னார். “ஞாயித்துக்கெழம யாரு தொரை கொழுந்து கொண்டாறா? கூட்டத்துல தாங்கட்டும், அப்ப நம்புறேன்” என்ற அக்கா, கொழுந்து லோரிகள் வரிசையில் நிற்கும்போதே, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் வயரைப் பிடுங்கினார். மனுஷிக்கு என்ன நெஞ்சழுத்தம்! இரண்டாவது சர்வர் சமர்த்தாக எழுந்தது. தராசுகள்தான் அசையவில்லை. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ, நாந்தான்! தராசுங்களுக்கு மொத சர்வரோட அட்ரஸையே கொடுத்திருக்கேன். செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குதுங்க!”

இரண்டுக்கும் பொதுவாக ஒரு முகவரி வைத்து, எது உயிரோடு இருக்கிறதோ அது அதை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். மறுநாள் அதே கூட்டத்தில் மறுபடியும் பிடுங்கினார். லோரிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று இங்கே இடியும் மழையும். முதல் சர்வர் போயே போய்விட்டது, இரண்டாவது ஏற்றுக்கொண்டது. நான் அக்காவிடம் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை கேக்கோடு வந்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏன்டா போன் போடல?”

“போட்டா வந்திருப்பீங்கக்கா.”

“ஆமாடா, வந்திருப்பேன்” என்றவர், “நல்லா ஆடினேன் தெரியுமா!” என்று கேக்கில் பெரிய துண்டை எனக்கு வெட்டினார். அந்தச் சந்தோஷ முகம்தான் எனக்கு இப்போதும் நினைவில் வருகிறது.

நன்றாக ஓடும்போதே நிறுத்திப் பார்க்கும் துணிச்சலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரை அடக்கம் செய்தது வேலை நாளில். தொழிற்சாலையில் யார் இருப்பது என்ற பேச்சே எழவில்லை. அக்காவின் இரண்டு சர்வர்களையும் நம்பி, கணினிப் பிரிவைப் பூட்டிவிட்டு எல்லோரும் வந்தோம். கடைசிப் பிடி மண் விழும்வரை நின்றோம்.