குரங்குப் பானையும் என் மகளின் விரலும்

பெரு நாட்டுக்கு ஒருமுறை போய்வந்ததிலிருந்து என் கணவரின் நண்பருக்குப் பேச வேறு விஷயமே இருக்கவில்லை. அங்கிருந்து குரங்கு உருவத்தில் ஒரு பானை கொண்டுவந்திருந்தார். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்றார். அப்படியானதை நாட்டைவிட்டு எடுத்துவர எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். சிரித்தார். அறியாதவர்களைப் பார்த்து அறிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த தன் அப்பார்ட்மெண்டுக்கு அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டதே அந்தக் குரங்கைக் காட்டத்தான். சோறு ஆறிக்கொண்டிருக்க விளக்கம் நடந்தது. பானைக்கு இரண்டு வயிறு. முன்னால் குந்தியிருக்கும் குரங்கு. பின்னால் வெறும் குடம், அதன் வாய் குழாய் மாதிரி ஒடுங்கியது. தண்ணீர் விட்டுச் சாய்த்தால் உள்ளேயுள்ள காற்று தள்ளுப்பட்டுக் குரங்கின் தலையிலிருந்து விசில் கேட்கும். அவர் வீட்டில் யாருக்கும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. குரங்குக்கு ஊற்றினார்.

நாங்கள் சாப்பிட எழுந்தபோது என் ஐந்து வயது மகள் அந்தக் குழாய்க்குள் சுட்டுவிரலை விட்டாள். விரல் திரும்பி வரவில்லை.

இழுக்க இழுக்க வீங்கியது. அவருடைய மனைவி நல்லெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார்.

“எண்ணெய் விடாதையும்,” என்றார் நண்பர். “உது மண். உறிஞ்சிப்போடும். கறை பேந்து போகாது.”

“பிள்ளையின்ர விரல் நீலமாகுது, இஞ்சேருங்கோ.”

“ஐஸ் வையும். தானா வத்தும்.” என்னிடம் திரும்பினார். “தங்கச்சி, பிள்ளையை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கை நடுங்கினால் பானை ஆடும்.”

டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுக்கப் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கிப் போடுகிற என் கணவர், குரங்கைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். “பொறும், அண்ணை சொல்லுறதும் சரிதானே,” என்றார். இருவரும் படித்தவர்கள்.

குழாய்க்கு வெளியே தெரிந்த சதை கறுத்துக்கொண்டு வந்தது. விரலை வெட்டவேண்டி வருமோ என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றும் என்னால் முழுதாக நினைத்து முடிக்க முடிவதில்லை. போத்தலைப் பறித்து விரலைச் சுற்றி ஊற்றினேன். கொஞ்சம் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஐயோ,” என்றார் நண்பர். குரங்கின் வயிற்றில் எண்ணெய் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. உடுத்திருந்த சாரத்தால் துடைத்தார். நான் மகளை மடியில் வைத்து விரலைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் மறுபடி தண்ணீர் விட்டுப் பானையைச் சாய்த்துப் பார்த்தார். விசில் வந்தது.

“நல்ல காலம். ஊதுது.”

விரல் மடங்குகிறதா என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த கிழமை போன் எடுத்தார். பிள்ளையை விசாரிக்கத்தான் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, உந்த எண்ணெய் மணம் போறதுக்கு என்ன போடலாம்?”

“சீயக்காய் வைச்சுக் குரங்கை முழுக வாத்துவிடுங்கோ, அண்ணை,” என்று சொல்லிவிட்டு வைத்தேன். செய்திருப்பார்.

அதன்பின் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ஒடுங்கிய வாயுள்ள போத்தல் எதையும் எங்கள் வீட்டில் வைப்பதுமில்லை. கணவர் அதைப் பைத்தியம் என்கிறார். பானையை ஏந்தி நின்றவர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மகள் வளர்ந்துவிட்டாள். ஏன் விரலை விட்டாய் என்று போன மாதம்தான் கேட்டேன்.

“குரங்கு எல்லாத் தண்ணியையும் குடிச்சிட்டுதோ எண்டு பாத்தனான்,” என்றாள்.

அவளுடைய கையை இழுத்து, அந்த விரலை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன். “அம்மா, காணும், விடுங்கோ,” என்று கையை எடுத்துக்கொண்டாள்.