பசுபதியின் தயிர்சாத மாடல்

பசுபதிக்கு எகனாமிக்ஸ் டாக்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து இறங்கினால் உள்ளூர்க்காரன் சம்பளம் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற மாடல் அவனுடையது. எப்படித் திருப்பிப் போட்டாலும் சம்பளம் இறங்கிக்கொண்டே போயிற்று. "நிஜத்துல அப்படி இறங்கலையே, ஏன்?" என்று கேட்டுவிட்டார் புரொபசர் ஹாலண்ட். திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் பட்டம் கிடையாது. விசாவும் முடிகிறது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கவலையோடுதான் 1986 பொங்கலுக்கு மான்மவுத் ஜங்ஷன் ஊர்த் தமிழர்கள் நடத்திய பாட்லக் விருந்துக்குப் போனான். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோய்ப் பகிர்ந்து சாப்பிடவேண்டும். யார் எதைக் கொண்டுவருவது என்று நம் ஜனங்கள் முன்கூட்டிப் பேசிக்கொண்டால்தானே! முதல் மூடியைத் திறந்தால் தயிர்சாதம். அடுத்ததும் தயிர்சாதம். பசுபதி கொண்டுபோனது? சொல்லவும் வேண்டுமா! விருந்துக்கு வீடு கொடுத்த ஷ்யாமளா ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டாள். யார் சாதத்தையும் யாரும் சீந்தவில்லை.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த ராஜராணி அக்கா ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே தேங்காயும் மிளகாயும் சேர்த்து இடித்த, செக்கச்செவேலென்ற இடிச்ச சம்பல்.

"தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கோ தம்பி. மாசிக் கருவாடு போடேல்லை, பயப்பிடாதேங்கோ."

அவ்வளவுதான், கூட்டம் பாய்ந்தது! அத்தனை தயிர்சாதமும் காலி. பசுபதியின் பாத்திரத்தையும் யாரோ வழித்துவிட்டார்கள்.

"ஐயையோ, மாடல்ல எல்லாரையும் தயிர்சாதமாவே போட்டுட்டேனே!" என்று கத்தினான்.

அக்கா பயந்துபோனாள். "உறைப்புக் கூடிப்போச்சோ?"

"இல்லக்கா! நீங்க வந்ததாலதான் எங்க சாதம் விலைபோச்சு! வேற வேலை தெரிஞ்சவங்க வந்தா இருக்கறவங்க சம்பளம் ஏறும்க்கா!" காலில் விழாத குறை.

திங்கட்கிழமை புது மாடலும், புதிதாகப் பிசைந்த தயிர்சாதமும், மிச்சச் சம்பலுமாக ஹாலண்ட் முன்னால் போய் நின்றான். வெறும் தயிர்சாதம் ஒரு வாய், சம்பலோடு ஒரு வாய் கொடுத்தான். ஹாலண்டுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டிற்று. ஆனாலும் மனுஷன் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ யாருக்குமே நஷ்டமில்லையா?" என்றார். "நாளைக்கு இன்னொரு தயிர்சாதம் வந்து இறங்கினா?"

பசுபதி சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "உள்ளூர்க்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார், அவங்க வேலை வேற. ஏற்கெனவே வந்த தயிர்சாதத்துக்குத்தான் ஆபத்து."

"அது யாரு?"

"நான்தான் சார்."

ஹாலண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.